அத்தியாயம் 4: பால் பத்தலையா? டப்பாவைத் திறக்கும் முன்

பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் அல்லது இரண்டாம் இரவு. மும்பை அணுசக்தி நகரில் ஏதோ ஒரு குவார்ட்டர்ஸின் எட்டாவது மாடி. மணி இரண்டு. இப்போதுதான் பால் குடித்த குழந்தை மறுபடி அழுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "பத்தலை போலிருக்கேம்மா" என்கிறார். காலை ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டிய கணவர் மெடிக்கல் ஷாப் எது திறந்திருக்கும் என்று செல்போனில் தேடுகிறார்.

டப்பா பால் பெரும்பாலான வீடுகளுக்குள் நுழைவது இந்த இரவில்தான். அன்று கொடுத்த டப்பா பாலால் வயிறு நிறைந்து குழந்தை தூங்கிவிடும். மார்பில் பால் தேங்கும். தேங்கினால் சுரப்பு குறையும். அடுத்த இரவு பால் உண்மையாகவே பத்தாமல் போகும். என் முதல் குழந்தைக்கு நானும் இப்படித்தான் டப்பாவைத் திறந்தேன். முழுத் தாய்ப்பாலுக்குத் திரும்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது. நீங்கள் அந்த ஒரு மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இந்த அத்தியாயத்தை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை: எண்ணுங்கள்

பால் போதுமா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். மார்பு கனமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்பதும் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. உள்ளே போனது வெளியே வர வேண்டும். அதைத்தான் எண்ண வேண்டும். முதல் வாரம் டயப்பர் வேண்டாம், பழைய வேட்டித் துணியே நல்லது. ஒவ்வொரு ஈரமும் தெரியும். ஒரு நோட்டில் கோடு போட்டு வாருங்கள்.

1. முதல் நாள்: குறைந்தது ஒரு முறை சிறுநீர். மலம் தார் போலக் கருப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும்.
2. இரண்டாம் நாள் இரண்டு முறை, மூன்றாம் நாள் மூன்று முறை என்று சிறுநீர் கூடும். மலம் பச்சை நிறத்துக்கு மாறும்.
3. ஐந்தாம் நாள் முதல்: 24 மணி நேரத்தில் ஆறு முறை அல்லது அதற்கு மேல் சிறுநீர். மலம் மஞ்சளாக, தயிர்த் திப்பி கலந்தது போல, மூன்று நான்கு முறை.
4. எடை: முதல் சில நாள்களில் குறைவது இயல்பு. பிறந்த எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 14 நாள்களுக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 30 கிராம் ஏறினால் நிம்மதியாக இருக்கலாம்.

இந்தக் கணக்கு சரியாக வந்தால் பால் போதும், யார் என்ன சொன்னாலும் போதும். குறைந்தால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

குறிப்பு: 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பதுதான் பச்சிளம் குழந்தையின் வழக்கம். மாலையிலும் முன்னிரவிலும் அரை மணிக்கு ஒரு முறை கேட்கும். அடுத்த நாளின் சுரப்புக்கு அது அப்போதே ஆர்டர் கொடுத்துவிடுகிறது. முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு தேக்கரண்டி சீம்பால் போதும். "ஒண்ணுமே வரலையே" என்று பயப்படாதீர்கள்.

பிடிப்பு: இதுதான் பாதி வைத்தியம்

காம்பு வெடிப்பு, பால் கட்டுவது, எடை ஏறாதது, ஓயாத அழுகை எல்லாவற்றையும் பின்னோக்கித் தேடிப் போனால் பெரும்பாலும் குழந்தை மார்பைப் பிடிக்கும் விதத்தில்தான் வந்து நிற்கும். குழந்தை காம்பை மட்டும் சப்பினால் பால் வராது, வலிதான் வரும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி, அதிலும் கீழுதட்டுப் பக்கம் உள்ளது, வாய்க்குள் போக வேண்டும்.

இடது மார்பில் கொடுப்பதாக வைத்துக்கொண்டு செய்து பாருங்கள்.

1. கைகளைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதங்கள் தரையில் படியட்டும். எட்டவில்லை என்றால் ஒரு மணையை வைத்துக்கொள்ளுங்கள்.
2. சுற்றிய துணியைப் பிரித்துவிடுங்கள். குழந்தையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்ட வேண்டும். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே தண்ணீர் விழுங்க முடியாது, குழந்தையால் எப்படி முடியும்?
3. வலது கையால் குழந்தையைத் தாங்குங்கள். உடல் உங்கள் முன்கை நீளத்துக்குக் கிடக்கட்டும். கட்டைவிரல் ஒரு காதின் பின்னால், மற்ற விரல்கள் மறு காதின் பின்னால், உள்ளங்கை தோள்களுக்கு நடுவே. பின்மண்டையை அழுத்தித் தள்ளாதீர்கள். தள்ளினால் குழந்தை பின்னால் திமிறும்.
4. இடது கையால் மார்பைக் கீழிருந்து, கட்டைவிரல் வெளிப்பக்கமும் மற்ற விரல்கள் உள்பக்கமுமாகப் பிடியுங்கள். காம்புக்கு மூன்று விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். மெல்ல அமுக்குங்கள். வடா பாவை வாய்க்கு ஏற்றபடி அமுக்கித்தானே கடிக்கிறோம்? அதை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டு யாரும் கடிப்பதில்லை. குழந்தையின் உதடுகள் எந்தப் பக்கமாக இருக்கின்றனவோ அதற்கு இணையாக மார்பு தட்டையாக வேண்டும்.
5. காம்பு குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேலுதட்டைக் காம்பால் தடவுங்கள். கொட்டாவி விடுவது போல வாய் அகலத் திறக்கும்வரை காத்திருங்கள். பாதி திறந்த வாயில் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.
6. வாய் திறந்த அந்த நொடியில், முகவாய் முதலில் மார்பில் பதியும்படி குழந்தையைக் கொண்டுவாருங்கள். நீங்கள் குனிந்து மார்பைக் கொண்டுபோகாதீர்கள். முதுகுவலி அப்படித்தான் தொடங்குகிறது.
7. சரிபாருங்கள். முகவாய் மார்பில் புதைந்திருக்கிறதா? கீழுதடு வெளியே மடங்கியிருக்கிறதா? கன்னம் உருண்டிருக்கிறதா? கருவட்டம் தெரிந்தால், மேலுதட்டுக்கு மேலேதான் கூடுதலாகத் தெரிய வேண்டும். விழுங்கும் சத்தம் மெதுவாக, "க்" என்று கேட்கும். "டக் டக்" என்று நாக்கு அடிக்கும் சத்தமோ, குழிவிழுந்த கன்னமோ இருந்தால் பிடிப்பு சரியில்லை.

சரியில்லை என்றால் அப்படியே இழுக்காதீர்கள். சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து, உறிஞ்சும் பிடியை விடுவித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். ஒரு வேளைக்கு ஐந்து முறை எடுத்து வைக்க நேர்ந்தாலும் சலிக்காதீர்கள். மூன்று நாளில் கை பழகிவிடும்.

சிசேரியன் ஆனவர்கள் குழந்தையை அக்குளுக்கு அடியில், கால்கள் முதுகுப் பக்கம் போகும்படி வைத்துக் கொடுக்கலாம். தையல் மேல் பாரம் விழாது. ஒரு மார்பில் குழந்தை தானாக விட்ட பிறகு அடுத்ததைக் கொடுங்கள். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடத்தில் மாற்ற வேண்டாம். முதலில் வருவது நீர்த்த பால், பின்னால் வருவதில்தான் கொழுப்பு அதிகம்.

பவாயில் உள்ள ஐஐடி பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் தளத்தில் குழந்தைநல மருத்துவர் ரூபல் தலாலின் வழிகாட்டலில் உருவான தாய்ப்பால் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தில் படித்தது கைக்கு வரவில்லை என்றால் ஒருமுறை பாருங்கள்.

காம்பு வெடித்தால்

வாய் வைத்த முதல் அரை நிமிடம் கூச்சமாக இருக்கலாம். அதற்கு மேல் வலித்தால் பிடிப்பைத் திருத்துங்கள். பால் கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டுப் பாலையே காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம், தோல் வறண்டு இன்னும் வெடிக்கும். வலி குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள்.

மும்பை மழைக்காலத்தில் துணி காய்வதே இல்லை. ஈர உள்ளாடையோடு இருந்தால் பூஞ்சை வளரும். குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் துடைத்தால் போகாத வெள்ளைத் திட்டுகள் இருந்து, உங்கள் காம்பும் எரிந்தால் இருவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் மற்றவரிடமிருந்து திரும்ப வரும்.

பால் கட்டிக்கொண்டால்

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார்பு கல்லாக இறுகுவது பலருக்கும் நடக்கும். குழந்தையால் வாய் வைக்கவே முடியாது, வழுக்கும்.

1. காம்பைச் சுற்றி விரல் நுனிகளை வைத்து, நெஞ்சை நோக்கி மெதுவாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கருவட்டம் இளகும்.
2. கையால் கொஞ்சம் பீய்ச்சி எடுங்கள். குழந்தை பிடிக்கும் அளவுக்கு இளகினால் போதும், முழுவதும் காலி செய்ய வேண்டாம்.
3. உடனே குழந்தைக்குக் கொடுங்கள்.
4. கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணியைப் பத்து நிமிடம் போடுங்கள்.

இரண்டு தவறுகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, மாலிஷ் செய்ய வரும் பெண்ணிடம் கட்டியைக் காட்டி அமுக்கச் சொல்வது. நல்ல எண்ணத்தில்தான் அமுக்குவார். ஆனால் வீங்கிய திசுவைக் கசக்கினால் வீக்கம் கூடுமே தவிரக் குறையாது. முதுகுக்கும் காலுக்கும் எண்ணெய் தேய்க்கட்டும், மார்பு வேண்டாம்.

இன்னொன்று மல்லிகைப்பூ. மாட்டுங்கா பூக்கடையில் வாங்கி வந்து மார்பில் வைத்துக் கட்டினால் வலி குறையும் என்று வீட்டில் சொல்வார்கள். குறையும்தான். ஆனால் நம் ஊரில் அது பாலை வற்றவைக்கும் வைத்தியம். 1988-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் பால் வற்றவைக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, மல்லிகைப்பூவும் சுரப்பைக் குறைக்கிறது என்று பதிவு செய்தார்கள். தலையில் வையுங்கள், மார்பில் வேண்டாம்.

ஓரிடம் மட்டும் சிவந்து, சூடாகி, குளிர்காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் மார்பில் அழற்சி தொடங்கிவிட்டது என்று பொருள். பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது, நிறுத்தினால்தான் சீழ்க்கட்டி ஆகும் வாய்ப்பு கூடும். 24 மணி நேரத்தில் குறையவில்லை என்றாலோ, காய்ச்சல் அதிகமாக இருந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. "பால் கொடுக்கிறேன்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்கு உண்மையாகவே குறைந்தால்

பூண்டும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் சுரப்பைக் கூட்டுவது எடுப்பதுதான். எடுக்க எடுக்கத்தான் ஊறும்.

1. பிடிப்பைத் திருத்தி, இரவு உட்பட, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுங்கள். தூங்கும் குழந்தையைத் துணி விலக்கி, உள்ளங்காலைத் தேய்த்து எழுப்புங்கள்.
2. ஒவ்வொரு முறை கொடுத்த பிறகும் கையால் பத்து நிமிடம் பீய்ச்சுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்தின் விளிம்பில் எதிரெதிரே வைத்து, நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு சேர்த்து அமுக்கி, விட வேண்டும். தோலில் வழுக்கிக்கொண்டு தேய்க்கக் கூடாது.
3. எடுத்த பாலைப் பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுங்கள். தண்ணீரில் கொதிக்கவைத்த பாலாடை, சாய்ந்து நிமிர்ந்த நிலையில் குழந்தை. பாலாடையின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும், ஊற்றக் கூடாது. நம் பாட்டிமார் சங்கில் புகட்டியதும் இதே முறைதான். குறைமாதக் குழந்தைகள் வார்டுகளில் இன்றும் பாலாடை பயன்படுகிறது. பாட்டில் வேண்டாம்: மூலையெல்லாம் கழுவுவது கடினம், உறிஞ்சும் முறையும் வேறு, பழகினால் குழந்தை மார்பைத் தள்ளிவிடும்.
4. மூன்று நாளில் எடை ஏறத் தொடங்கவில்லை என்றால் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலத்துக்கு மட்டும், மேல் பால் கொடுங்கள். சில தாய்மாருக்கு உண்மையிலேயே சுரப்பு குறைவு. தைராய்டு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு எனக் காரணங்கள் இருக்கும். அது உங்கள் குற்றமல்ல. குழந்தையைப் பட்டினி போட்டு எந்தக் கொள்கையையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

இலவச டப்பாவை யாராவது கையில் கொடுத்தால் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்களையும் பாட்டிலையும் விளம்பரம் செய்வதும், தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதும் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 2003-இல் அது இன்னும் இறுக்கப்பட்டது.

நம் நகரிலிருந்து சயான் – டிராம்பே சாலையில் போனால் எட்டும் தூரத்தில், தாராவியை ஒட்டி, சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை 1989 நவம்பரில் அங்கேதான் மருத்துவர் ஆர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கினார். அதிகமாகச் சுரக்கும் தாய்மார் கொடுக்கும் பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கி, உறையவைத்து, குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறந்த குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். டப்பாவுக்கும் தாய்க்கும் நடுவில் இன்னொரு தாய் இருக்க முடியும் என்று காட்டிய இடம் அது. உங்களுக்குப் பால் மிஞ்சினால் கொட்டாதீர்கள், அங்கே கேளுங்கள். அக்கம்பக்கத்தாரின் பாலை நேரடியாக வாங்கி உங்கள் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். வங்கியில் பரிசோதனை நடக்கிறது, வீட்டில் நடக்காது.

வேலைக்குத் திரும்பும்போது

மத்திய அரசு ஊழியராக இருந்தால் 180 நாள் மகப்பேறு விடுப்பு உண்டு. தனியார் நிறுவனங்களில் 2017 திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். இரண்டுமே ஏறத்தாழ ஆறு மாதம், அதாவது தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் முழுவதும். முன்னதாகத் திரும்புகிறவர்கள் இரண்டு வாரம் முன்பே பீய்ச்சிச் சேமிக்கப் பழகுங்கள்.

- வெளியில் 25 டிகிரி வரை நான்கு மணி நேரம் இருக்கும். மே மாத மும்பையில் அதை நம்பாமல் உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.
- ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் (கதவில் அல்ல) நான்கு நாள் வரை. நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள்.
- அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்குங்கள்.
- குழந்தை மிச்சம் வைத்ததை மறுபடி எடுத்து வைக்காதீர்கள்.

வேண்டாதவை

ஆறு மாதம்வரை தண்ணீர்கூட வேண்டாம், மே மாதத்திலும் வேண்டாம். பாலிலேயே தேவையான நீர் இருக்கிறது. சேனை என்று நாக்கில் வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், தேன், உரை மருந்து, வசம்பு, பக்கத்து வீட்டு மராத்திக்கார ஆஜி (பாட்டி) அன்போடு கொண்டுவரும் 'குட்டி' என்ற மூலிகை மருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள். தொப்புளில் மஞ்சளோ சாம்பலோ வைக்காதீர்கள், உலர்வாக விட்டால் தானே விழும். கண் மையில் ஈயம் இருக்கக்கூடும். பாட்டிக்கு மனம் கேட்கவில்லை என்றால் திருஷ்டிப் பொட்டைத் தொட்டில் துணியில் வைக்கட்டும். ஜன்னல் மூடிய அறையில் சாம்பிராணிப் புகை வேண்டாம். பிறந்த குழந்தையின் மார்பு லேசாக வீங்கியிருந்தால் அமுக்கவே கூடாது, சில வாரங்களில் வடியும்.

விக்கல், தும்மல், ஏப்பத்தோடு கொஞ்சம் பால் கக்குவது, பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் பிறப்புறுப்பில் ஓரிரு துளி ரத்தம்: இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு: மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மருந்து, நாளொன்றுக்கு 400 யூனிட். தடுப்பூசி பிறந்ததும், பின் 6, 10, 14 வாரங்களில்.

மஞ்சள் காமாலை

பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள், டியூப் லைட்டில் தெரியாது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலும், குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பால்கனி வெயிலில் காட்டுவது இதற்கு வைத்தியம் அல்ல. மஞ்சள் மிகுந்தால் மூளையைப் பாதிக்கும், காத்திருக்கக் கூடாது.

உடனே கிளம்புங்கள்

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

1. பால் குடிப்பதை நிறுத்திவிட்டது, அல்லது எழுப்பினாலும் துவண்டு விழுகிறது.
2. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல். 99.5-ஐத் தாண்டினால் போர்த்தியதை விலக்கிக் கால் மணி கழித்து மறுபடி பாருங்கள், இறங்கவில்லை என்றாலும் கிளம்புங்கள்.
3. உடல் சில்லிட்டு, 95.9-க்குக் கீழே போகிறது. போகும் வழியெல்லாம் உங்கள் தோலோடு அணைத்தபடி கொண்டுபோங்கள்.
4. ஒரு முழு நிமிடம் எண்ணும்போது மூச்சு 60 அல்லது அதற்கு மேல், அல்லது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுக்கிறது, முனகுகிறது.
5. வலிப்பு.
6. பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், ஐந்தாம் நாளுக்குப் பின் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை.
7. தொப்புளைச் சுற்றித் தோல் சிவக்கிறது, சீழ் வருகிறது.

அணுசக்தி நகர்வாசிகளுக்குப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் (பார்க்) மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. சி.ஹெச்.எஸ்.எஸ். மருத்துவ அட்டை, குழந்தையின் டிஸ்சார்ஜ் தாள், எண்ணி எழுதிய அந்த நோட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கதவருகே தொங்கவிடுங்கள். ஆம்புலன்சுக்கு 108.

உங்களுக்கும் ஒரு கணக்கு

முதல் பத்து நாள் காரணமில்லாமல் அழுகை வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை, குழந்தையையோ உங்களையோ காயப்படுத்தும் எண்ணம் வருகிறது என்றால் அதுவும் மேலே சொன்ன பட்டியலைச் சேர்ந்ததுதான். உடனே வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மூன்று மாதத்தில் உங்கள் அம்மா ஊருக்கு ரயில் ஏறிவிடுவார். அதற்குள் கணவருக்கு மூன்று வேலைகளைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்: ஏப்பம் எடுக்க, பாலாடையில் புகட்ட, நோட்டில் கோடு போட.